சக்கரத்தின் மேல் ஒரு வீடு: அழையாமல் வரும் பூச்சிகளும் நம் பொறுப்பும்



வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு, ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருக்கும் குடும்பங்கள் அமெரிக்காவில் உண்டு. அத்தகைய வண்டியை அங்கே ஆர்.வி. என்று அழைக்கின்றனர். சில வண்டிகள் பேருந்தைப் போலத் தாமே ஓடும். சில, வேறொரு வாகனத்தின் பின்னே பூட்டி இழுக்கப்படும். சமையலறை, படுக்கை, கழிப்பறை, குளிர்பதனப் பெட்டி, எரிவாயு அடுப்பு, குளிர்காலத்திற்கான வெப்பமூட்டி என ஒரு வீட்டிற்குத் தேவையான யாவும் அதனுள் அடங்கியிருக்கும். பணி ஓய்வு பெற்றோர், வேலையின் பொருட்டு ஊர் ஊராகச் செல்வோர், உயர்ந்துவிட்ட வீட்டு வாடகையைக் கொடுக்க இயலாதோர் எனப் பலதரப்பட்டவர்களும் இவ்வாறு வாழ்கின்றனர்.

இவ்வாழ்க்கையில் ஓயாத தொல்லை ஒன்று உண்டு. அதுதான் பூச்சித் தொல்லை. இன்று ஆற்றங்கரை, அடுத்த வாரம் காட்டோரம், அதற்கடுத்த மாதம் பாலைவனம் என இடம் மாறும்போது, ஒவ்வோர் இடத்துப் பூச்சியும் அந்தச் சிறு வீட்டின் கதவைத் தட்டுகிறது. இதில் எரிச்சலோடு முடியாத ஓர் ஆபத்தும் இருக்கிறது. பூச்சியை விரட்டும் வேகத்தில் ஒரு குடும்பம் தன் மூச்சுக்காற்றையே நஞ்சாக்கிக்கொள்ளக்கூடும். கவனிக்கப்படாத ஒரு குளவிக்கூடு உறங்கும் பிள்ளைகளின் உயிருக்கே அச்சுறுத்தலாக முடியக்கூடும். ஆகவே இதனை முறையாக அறிந்துகொள்வது அவசியம். அங்கே உறவினர் உள்ளோருக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களும் தத்தம் வீட்டிற்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

வீடு சிறியது, வாசல்கள் பல

முதலில் இந்த வீட்டின் அளவை மனத்தில் கொள்ளுங்கள். 8 மீட்டர் நீளமும், 2.4 மீட்டர் அகலமும், 2 மீட்டர் உயரமும் உள்ள வண்டியின் உட்புறக் கொள்ளளவு ஏறத்தாழ 38 கன மீட்டர். அதாவது சுமார் 1,350 கன அடி. நம் ஊர் வீடுகளில் ஒரு பெரிய கூடத்தின் அளவுதான். உண்பதும் உறங்குவதும் பிள்ளைகள் படிப்பதும் இதற்குள்ளேயே நடைபெற வேண்டும். இங்கே தெளிக்கப்படும் எதுவும் தலையணைக்கும் சோற்றுப் பானைக்கும் சில அடி தூரத்தில்தான் இருக்கும்.

மனிதர் நுழைய இந்த வீட்டிற்கு ஒன்றிரண்டு கதவுகளே உள்ளன. பூச்சிகளுக்கோ எண்ணற்ற வாசல்கள். மின்கம்பி உள்ளே செல்லும் துளை, தண்ணீர்க் குழாய் நுழையும் துளை, கழிவுநீர்க் குழாய் வெளியேறும் துளை, எரிவாயுக் குழாய் செல்லும் இடம், கூரையின் காற்றுப் போக்கிகள், குளிர்பதனப் பெட்டியின் பின்புறக் காற்றுத் துளை ஆகியவை அவற்றுள் சில. சில வண்டிகளில் நிறுத்தியபின் பக்கச் சுவரின் ஒரு பகுதியை வெளியே தள்ளி அறையை அகலப்படுத்துவர். அச்சுவரைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டால் அதுவும் ஒரு வாசலே.

எனவே முதல் வேலை மருந்து வாங்குவதன்று. இரவில் வண்டிக்குள் ஒளிமிக்க விளக்கை வைத்து, ஒருவர் அடிப்புறத்தைப் பார்க்கட்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பூச்சிக்கு வழியாகும். பகலில் அவ்விடங்களைச் சிலிக்கோன் பசையால் அடைக்கலாம். பெரிய துளைகளில் செம்புக் கம்பி வலையைத் திணித்து, அதன்மேல் பசையிடலாம். காய்ந்த ரப்பர் பட்டைகளை மாற்ற வேண்டும். ஆனால் எரிவாயுக் கருவிகளின் காற்றுத் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்கக்கூடாது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

வண்டியை நிறுத்துமுன் தரையைப் பார்ப்பதும் இதன் ஒரு பகுதியே. எறும்புப் புற்று, உயர்ந்த புல், கூரையைத் தொடும் மரக்கிளை, அருகில் குப்பைத் தொட்டி, தேங்கிய நீர் ஆகியவை உள்ள இடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஐந்து நிமிட ஆய்வு ஐந்து வாரத் துன்பத்தைத் தடுக்கும்.

எறும்பு: வரிசையை அல்ல, புற்றை நோக்குங்கள்

நிறுத்தப்பட்ட வண்டி தரையைத் தொடும் இடங்கள் சிலவே: சக்கரங்கள், தாங்கு கால்கள், மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய். எறும்புகள் பெரும்பாலும் இவற்றின் வழியேதான் ஏறி வருகின்றன. கம்பியும் குழாய்களும் புல்லிலும் புதரிலும் உரசிக் கிடக்காதவாறு வைத்தாலே பாதி வழி அடைபடும்.

எறும்பு வரிசையைக் கண்டதும் பலர் மருந்தைத் தெளிக்கின்றனர். வரிசை அழிகிறது, மறுநாள் இன்னொரு வரிசை வருகிறது. உணவு தேடி வெளியே வருவோர் அக்கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினரே. முட்டையிடும் அரசி எறும்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சில வகை எறும்புகள், மருந்து தெளிக்கப்பட்டால் கலைந்து, ஒரு கூட்டம் பல கூட்டங்களாகப் பிரிந்துவிடுவதும் உண்டு.

இதற்குச் சரியான வழி இரையாகும். மிகக் குறைந்த அளவு, ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, போரிக் அமிலம் கலந்த இனிப்பு நீர் மூடிய சிறு பெட்டிகளில் விற்கப்படுகிறது. எறும்பு அதனை வயிற்றில் ஏந்திச் சென்று, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் ஊட்டுகிறது. மருந்தின் வீரியம் கூடினால் புற்றை அடையுமுன்னே அது இறந்துவிடும். இரை பயனற்றுப் போகும். ஆகவே வரிசை மொய்ப்பதைக் கண்டு பதறாமல் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். இரை வைத்த இடத்தருகே வேறு மருந்து தெளிக்கக்கூடாது. பெட்டியைக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல், இயன்றவரை வண்டிக்கு வெளியே வைக்க வேண்டும்.

தென் மாநிலங்களில் செந்நெருப்பெறும்பு என்னும் கொடிய வகை உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து சரக்குக் கப்பல்களோடு 1930களில் அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பரவியது. இது மின்பெட்டிகளுக்குள் குடியேறும் இயல்புடையது. எனவே வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பத்தின் பெட்டியில் கை வைக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எறும்பைப் பற்றிப் பேசும்போது, நம் மார்க்கம் அதற்கு அளித்துள்ள இடத்தையும் நினைவுகூர்வோம். திருக்குர்ஆனின் 27ஆவது அத்தியாயம் எறும்பின் பெயரையே தாங்கியுள்ளது. தம்மைக் கடித்த ஓர் எறும்பிற்காக முழுப் புற்றையும் எரித்துவிட்ட ஒரு நபி, இறைவனால் கண்டிக்கப்பட்ட செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் இடம்பெற்றுள்ளது. வீட்டிற்குள் வந்து தீங்கு செய்யும் பூச்சியை அகற்ற மார்க்க அறிஞர்கள் அனுமதி அளித்துள்ளனர். எனினும் தேவைக்கு மிஞ்சிய அழிவும், நெருப்பால் வதைத்தலும் கூடா. வண்டியிலிருந்து பத்தடி தள்ளித் தன் வழியே செல்லும் எறும்புக் கூட்டத்திடம் நமக்கு எந்த வழக்கும் இல்லை.

பொருள்களோடு வரும் விருந்தாளிகள்

கரப்பான்பூச்சியும் மூட்டைப்பூச்சியும் பெரும்பாலும் நம் கையாலேயே உள்ளே கொண்டுவரப்படுகின்றன.

ஜெர்மன் கரப்பான் என்னும் சிறுவகை, அட்டைப் பெட்டிகளின் மடிப்புகளிலும், பழைய மின்சாதனங்களுக்குள்ளும் ஒளிந்து வரும். அதன் ஒரே முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. கடையிலிருந்து வரும் பெட்டிகளை வெளியிலேயே பிரித்து, பொருள்களை மட்டும் உள்ளே கொண்டுவருவது சிறந்த தடுப்பாகும். வந்துவிட்டால், பசை வடிவிலான இரையை அரிசியளவு சிறு துளிகளாகக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், அலமாரிக் கீல்கள், குழாயின் அடிப்புறம் ஆகிய இடுக்குகளில் வைக்க வேண்டும். அதோடு இரவில் ஒரு பருக்கையும், குழாயில் ஒரு துளி ஒழுக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு உணவு கிடைக்கும் வீட்டில் இரையை அது திரும்பியும் பார்க்காது.

மூட்டைப்பூச்சி பழைய மெத்தை, இருக்கை, துணிப்பைகள் வழியே வரும். பழைய வண்டியை விலைக்கு வாங்குவோர் மெத்தையின் தையல் ஓரங்களில் கருநிறப் புள்ளிகள் உள்ளனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இது நோயைப் பரப்புவதாக அறியப்படவில்லை. ஆனால் உறக்கத்தைக் கெடுக்கும். உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழும் ஆற்றல் உடையதால், வண்டியைச் சில வாரங்கள் பூட்டி வைப்பதால் பயனில்லை.

வெப்பமே இதற்குப் பகை. சுமார் 48 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 90 நிமிடங்கள் இருந்தால் முட்டையும் அழிந்துவிடும். துணிகளையும் விரிப்புகளையும் உலர்த்தும் இயந்திரத்தில் மிகு வெப்பத்தில் அரை மணி நேரம் சுழலவிட வேண்டும். வண்டியைக் கோடை வெயிலில் நிறுத்திவிட்டால் போதுமெனச் சிலர் கருதுகின்றனர். உள்ளே காற்று சூடாகும். மெத்தையின் நடுப்பகுதியும் மர இடுக்கும் அவ்வளவு சூடாவதில்லை. பூச்சி அங்கே சென்று ஒளிந்துகொள்ளும். வெப்பமானியுடன் வந்து முறையாகச் செய்யும் தொழிலாளரை அழைப்பதே நல்லது.

அரிசி, மாவு, பருப்பு வகைகளில் தோன்றும் அந்துப்பூச்சிக்கு எளிய வழி உண்டு. புதிதாக வாங்கியவற்றை உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்து, பின்னர் இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டுவைக்கலாம்.

மண்குளவிக்கூடும் மணமற்ற நஞ்சும்

சகோதரர்களே! இக்கட்டுரையில் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய பகுதி இதுவாகும்.

மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவி மனிதரை எளிதில் கொட்டுவதில்லை. எனவே பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அது சிறு குழாய்களையும் துளைகளையும் தேடிச் சென்று அவற்றில் கூடு கட்டும். அதனால் விளையக்கூடிய கேட்டிற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து புறப்பட்ட பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் கடலில் விழுந்தது. அதிலிருந்த 189 பேரும் இறந்தனர். விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டுத் தவறான வேகத்தைக் காட்டியதும், அதனால் குழம்பிய விமானிகளின் தவறுகளும் விபத்திற்குக் காரணமாயின. பல நாட்கள் பறக்காமல் நின்றிருந்தபோது அக்குழாயில் மண்குளவி கூடு கட்டியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் ஐயம்.

பல நாட்கள் ஓரிடத்தில் நிற்கும் ஆர்.வி. வண்டிக்கும் இத்தகைய குழாய்கள் உள்ளன. வெப்பமூட்டி, வெந்நீர்க் கலன், எரிவாயுவால் இயங்கும் குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றும் வெளிக்காற்றை இழுத்து எரிந்து, புகையை வெளியேற்றுகின்றன. குளவிக்கூடோ சிலந்தி வலையோ அவ்வழியை அடைத்துவிட்டால் எரிவாயு முழுமையாக எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே இறந்துவிடக்கூடும்.

ஆகவே குளிர்காலம் தொடங்குமுன், கருவி ஆறிய நிலையில், எரிவாயுவை அடைத்துவிட்டு, இத்துளைகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, துளையருகே கரி படிந்திருந்தாலோ, தொழில் அறிந்தவரை அழையுங்கள். துளைகளுக்கு வலை பொருத்த விரும்பினால், அக்கருவிக்கு அது ஏற்றதா என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். கண்டவாறு மெல்லிய வலையைக் கட்டினால் அதில் தூசி படிந்து அதுவே அடைப்பாகிவிடும்.

கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி எப்போதும் இயங்க வேண்டும். அதற்கும் ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்ட தேதி கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல், உடனே அனைவரையும் வெளியே அழைத்துச் சென்று மருத்துவ உதவியை நாடுங்கள்.

ஒரே குப்பியில் தீர்வு என்னும் மயக்கம்

அழுத்தினால் மருந்து முழுவதும் புகைபோல் எழுந்து அறையெங்கும் பரவும் குப்பிகள் அமெரிக்கக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு குப்பியில் எல்லாப் பூச்சியும் ஒழியும் என்று எண்ணி வாங்குவோர் பலர். இப்புகை மேற்பரப்பில் படியுமேயன்றி, பூச்சிகள் ஒளிந்திருக்கும் இடுக்கினுள் போதிய அளவு செல்வதில்லை. மூட்டைப்பூச்சிக்கு இவை பெரும்பாலும் பயனளிக்கவில்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

இவற்றால் விளையும் தீங்கோ பதிவாகியுள்ளது. 2001 முதல் 2006 வரை எட்டு மாநிலங்களில் இத்தகைய குப்பிகளால் 466 பேர் நோய்வாய்ப்பட்டதாகவோ காயமுற்றதாகவோ அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சொன்ன நேரத்திற்கு முன்னரே வீட்டிற்குள் திரும்பியது, தேவைக்கு மேல் குப்பிகளைத் திறந்தது போன்றவை காரணங்களாக இருந்தன. குப்பியிலிருந்து மருந்தை வெளித்தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்கலாகாது. எரிவாயுச் சுடர் எரிந்துகொண்டிருக்கும் 38 கன மீட்டர் அறையில் அதனைத் திறப்பது வெடிவிபத்தை அழைப்பதாகும்.

டயட்டமேசியஸ் மண் என்னும் வெண்பொடியைச் சிலர் பாதுகாப்பானதென்று அள்ளித் தூவுகின்றனர். அது பூச்சியின் உடல்மேலுள்ள மெழுகுப் பூச்சை உறிஞ்சி, அதனை உலர்த்திக் கொல்கிறது. ஈரம் பட்டால் வேலை செய்யாது. சிற்றறையில் காற்றில் பறந்தால் நுரையீரலுக்குக் கேடு. பூச்சிக்கென விற்கப்படும் வகையை மட்டும், சுவரின் உள் இடுக்குகளில் மெல்லிய படலமாக இடலாம். நீச்சல் குளத்திற்கு விற்கப்படும் வகையைத் தொடவே கூடாது.

இரவு உறங்குமுன்

இரவில் பாத்திரங்களை மூடிவையுங்கள், தண்ணீர்ப் பைகளின் வாயைக் கட்டுங்கள், கதவுகளைத் தாழிடுங்கள், விளக்குகளை அணையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்துள்ளார்கள். இச்சிறு வீட்டின் ஒவ்வோர் இரவுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

மூடிய பாத்திரம் கரப்பானைப் பட்டினி போடும். தாழிட்ட கதவும் கிழியாத வலையும் கொசுவைத் தடுக்கும். வெளிவிளக்கை அணைத்தால் விட்டில்கள் சேரா. விளக்கு தேவையெனில் வெண்ணிற ஒளியைவிட மஞ்சள் ஒளி குறைந்த பூச்சிகளையே ஈர்க்கும். கழிப்பறைக் கிண்ணத்தில் சிறிது நீர் நின்றால்தான் கழிவுத் தொட்டியின் ஈக்கள் மேலே வாரா. வண்டி ஓடும்போது பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிக்குழாயில் நிற்கும் நீர் சிந்திவிடலாம். போய்ச் சேர்ந்ததும் ஒரு குவளை நீர் ஊற்ற வேண்டும்.

வண்டியைச் சுற்றித் தேங்கும் நீரையும் வாரம் ஒருமுறை கொட்டிவிட வேண்டும். கோடையில் கொசு முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். அமெரிக்காவில் முதன்முதலாக 1999இல் நியூயார்க்கில் தோன்றிய வெஸ்ட் நைல் காய்ச்சல் அந்நாடெங்கும் கொசுக்களால் பரவியுள்ளதால் இதில் அலட்சியம் கூடாது.

நம்மால் பிறருக்குத் தீங்கு வரலாகாது

நகரும் வீட்டில் வாழ்பவருக்கு, நிலையான வீட்டாருக்கு இல்லாத ஒரு கடமை உண்டு. அவர் பூச்சியால் துன்புறுபவர் மட்டுமல்லர். ஓர் ஊரின் பூச்சியை மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்லக்கூடியவரும் ஆவார்.

சாம்பல் மரத்துளைப்பான் என்னும் பச்சை நிற வண்டு 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கான மரங்கள் அதனால் பட்டுப்போயின. முகாம்களுக்கு மக்கள் எடுத்துச் சென்ற விறகு அதனைப் பரப்பிய வழிகளுள் முக்கியமானது. புள்ளி விளக்குப்பூச்சி 2014இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டத்தில் முதலில் காணப்பட்டது. அது திராட்சைத் தோட்டங்களுக்குப் பெருங்கேடு. இலையுதிர்காலத்தில் சேறு பூசியது போன்ற முட்டைத் திரளைக் கல், மரம், வண்டி என எதன்மேலும் இட்டுவிடும். ஒரு திரளில் 30 முதல் 50 முட்டைகள் இருக்கும். வண்டியோட்டி அறியாமலேயே அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன.

ஆகவே புறப்படுமுன் சக்கரங்களின் உட்புறம், வண்டியின் அடி, ஏணி, மடித்த நிழற்கூரை, வெளியே வைத்திருந்த நாற்காலி ஆகியவற்றைப் பார்த்து, முட்டைத் திரள் இருந்தால் சுரண்டி, மதுசாரம் அல்லது சோப்பு நீர் உள்ள பையில் இட்டு அழிக்க வேண்டும். விறகை எரிக்கும் ஊரிலேயே வாங்க வேண்டும். கலிபோர்னியாவின் எல்லைச் சாலைகளில் வேளாண் சோதனைச் சாவடிகள் உள்ளன. அங்கே பழங்களையும் செடிகளையும் மறைக்காமல் காட்டுவது, முகமறியாத ஓர் உழவரின் வாழ்வாதாரத்தைக் காப்பதாகும். மூட்டைப்பூச்சியுள்ள மெத்தையைப் பிறர் எடுத்துச் செல்லுமாறு வழியோரம் விட்டுச் செல்வதும், பூச்சி இருப்பதை மறைத்து வண்டியை விற்பதும் நமக்கு ஆகுமானவை அல்ல. குறையை மறைத்து விற்பது வாணிபத்தில் மோசடியே.

அன்புச் சகோதர, சகோதரிகளே! வாசலை அடைப்பதும், உணவை மூடுவதும், ஈரத்தைத் துடைப்பதும் முதலில் வரட்டும். அதன்பின் இரை. அதற்கும் பின்னரே, தவிர்க்க இயலாதபோது, குறிப்புச் சீட்டைப் படித்து அளவோடு மருந்து. இந்த வரிசை மாறாதவரை அந்தச் சிறு வீட்டில் உறங்கும் பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசித்து உறங்குவார்கள்.

நம் இல்லங்களையும் நம் அயலாரின் இல்லங்களையும் வல்ல அல்லாஹ் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.